ஒப்பந்தம் நடந்த மண்ணில் படிக்கட்டும்

2020 செப்டெம்பர் 15 ஆம் திகதி வாஷிங்டனில் ஆபிரகாம் உடன்படிக்கைகள் கையொப்பமாகின. இஸ்ரேல், ஐக்கிய அரபு இராச்சியம், பஹ்ரெய்ன் ஆகிய நாடுகள் செய்துகொண்ட அந்த உடன்படிக்கைகளைப் பற்றித் தமது இராசதந்திரிகளுக்கு விரிவான பயிற்சி கொடுக்கவேண்டும், அதைச் சட்டத்திலேயே எழுதவேண்டும் என்ற யோசனை அமெரிக்கச் சட்டமியற்றுவோரிடையே எழுந்தது. பலஸ்தீன மக்களை மேசைக்கு அழைக்காமல் செய்துகொண்ட உடன்படிக்கை அது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் அந்த யோசனையின் உள்ளே இருக்கும் எண்ணம் வன்னியில் வாழ்ந்த எவருக்கும் சட்டென்று விளங்கும். தலைவர்கள் கையொப்பம் இட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலையிலிருந்து அதை நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும், அதை யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. வரவேண்டும் என்று நினைக்கிறேன். வரும்போது, அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்கவேண்டும் என்று சட்டமே கட்டளையிடவேண்டும். உணர்ச்சியால் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஒரு சமாதான ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் அன்றாட நடைமுறையாக இருந்த நிலம் இது. அந்த அனுபவம் வேறெங்கும் கிடைக்காது.

இலங்கை வெளிநாட்டுச் சேவை 1949 இல் தொடங்கியது. அதன் அதிகாரிகளைப் பயிற்றும் பண்டாரநாயக்க சர்வதேச இராசதந்திரப் பயிற்சி நிறுவகம் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் இயங்குகிறது. வெளியுறவு ஆய்வுக்கான லக்ஷ்மன் கதிர்காமர் நிறுவகம் 2006 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இரண்டுமே கொழும்பு 7 இல் இருக்கின்றன.

நம்மிடம் ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. 1957 யூலை 26 இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24 இல் டட்லி – செல்வா ஒப்பந்தம். 1987 யூலை 29 இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம். 1995 ஜனவரியில் சந்திரிகா அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட மோதல் தவிர்ப்பு, ஏப்ரலில் முறிந்தது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம். 2005 யூனில் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு. மேடையிலும் பத்திரிகையிலும் இவற்றை ஒரு குற்றப்பத்திரிகையாகவே வாசித்துப் பழகிவிட்டோம்: யார் செய்தார், யார் கிழித்தார். கையொப்பத்துக்கும் முறிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் அவை எப்படி ஓடின, எந்த இடத்தில் இறுகி நின்றன என்று படிப்பது மிகக் குறைவு. தமிழ்ப் பக்கத்திலும் இந்தக் குறை இருக்கிறது.

2002 ஐ எடுத்துக்கொள்வோம். பிரபாகரன் பெப்ரவரி 21 இல் வன்னியில் கையொப்பமிட்டார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க மறுநாள் வவுனியாவில் கையொப்பமிட்டார். 23 ஆம் திகதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நாள் எண்ணி வேலைகள் பகிரப்பட்டிருந்தன. 30 நாட்களுக்குள் வழிபாட்டிடங்களிலிருந்து படைகள் வெளியேறவேண்டும். பாடசாலைக் கட்டடங்களைக் கையளிக்க 160 நாட்கள். அரசியல் வேலைக்காக ஆயுதமில்லாத புலி உறுப்பினர்கள் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வர, 30 ஆம் நாளில் ஐம்பது பேர், 60 ஆம் நாளில் மேலும் நூறு பேர், 90 ஆம் நாளுக்குப் பிறகு எல்லோரும். துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை அரசு களையவேண்டியதும் 30 நாட்களுக்குள். இந்த ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு முகாம் வாசலில், ஒரு அதிகாரியின் மேசையில் வேலையாக வந்து விழுந்தது. கடைசியாகச் சொன்ன வரி நான்கு ஆண்டுகள் கழித்து, 2006 பெப்ரவரியில் ஜெனீவாவில் பேசியபோதும் தீராத வழக்காகவே இருந்தது.

ஓமந்தையை நினைத்துப் பாருங்கள். 2002 ஏப்ரல் 8 இல், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னர், ஏ9 பாதை யாழ்ப்பாணம் வரை திறந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் ஓமந்தையில் இறங்குவார்கள். அடையாள அட்டை, பைகளைக் கொட்டிக் காட்டுதல், லொறி என்றால் சாமான் முழுவதையும் இறக்கி ஏற்றுதல். அதைத் தாண்டினால் சூனியப் பிரதேசம். அங்கே சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி. பிறகு புளியங்குளத்தில் புலிகளின் சோதனையும் வரியும். வன்னியைக் கடந்து முகமாலைக்கு வந்தால் மறுபடியும் அதே வரிசை. செஞ்சிலுவைச் சங்கத்தார் நடுவில் நிற்காவிட்டால் பாதை இல்லை. ஒப்பந்தத்தில் சில வரிகளாக இருந்த விஷயம் தரையில் இத்தனை ஆட்களின் வேலையாக இருந்தது: படையினர், போராளிகள், செஞ்சிலுவைச் சங்கத்தார், நோர்டிக் நாட்டுக் கண்காணிப்பாளர், அவருக்கு மொழிபெயர்த்த உள்ளூர்ப் பிள்ளை, அரசாங்க அதிபர். 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை மூண்டதும் பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு உணவு கப்பலில் போகவேண்டியதாயிற்று. ஒரு பாதையைத் திறந்து வைத்திருக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு இளம் இராசதந்திரிக்குக் கற்பிக்க, இதைவிடத் தெளிவான பாடம் தென்னாசியாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தின் ஓட்டைகளையும் தரையில் நின்றால்தான் காணலாம். மாவட்டக் கண்காணிப்புக் குழுக்கள் ஆறு இடங்களில் அமையும் என்று அது சொன்னது: யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். இரு தரப்பும் இருவர் இருவரைத் தர, ஐந்தாமவர் சர்வதேசக் கண்காணிப்பாளர். பட்டியலைத் திரும்பப் படியுங்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் இல்லை. யுத்தநிறுத்தத்தை மேற்பார்வை செய்த நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவுக்குக் கிளிநொச்சியில் ஒரு தொடர்பு அலுவலகம் இருந்தது உண்மைதான். ஆனால் புலிகளின் முழுக் கட்டுப்பாட்டில் வாழ்ந்த மக்களுக்கு, தங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்வதற்கு மற்ற மாவட்டங்களில் இருந்தது போன்ற ஐவர் குழு ஒப்பந்தப்படி கிடைக்கவில்லை. கண்காணிப்புக் குழு பதிவுசெய்த மீறல்களில் மிகப் பெரும்பான்மை புலிகளுடையவை. அவற்றில் சிறுவர் ஆட்சேர்ப்பு முன்னுக்கு நின்றது. மீறல் என்று தீர்ப்புச் சொல்ல அந்தக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது, தடுத்து நிறுத்த வழி இருக்கவில்லை. வன்னித் தாய்மார் இதை எந்த ஆய்வறிக்கையும் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

முஸ்லிம் மக்களின் நிலையும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவின் தண்ணீரூற்று முஸ்லிம்களும் அடக்கம். 2002 ஒப்பந்தம் இரு தரப்புக்கு இடையிலானது. மூன்றாவது சமூகத்துக்கு அதில் ஆசனம் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்கு வந்து பிரபாகரனுடன் தனியாக ஓர் உடன்பாடு செய்துகொண்டது அந்த வெற்றிடத்தால்தான். ஜனாதிபதி சந்திரிகாவும் வெளியிலேயே நின்றார். நாட்டின் தலைவரைச் சேர்க்காமல் பிரதமர் கையொப்பமிட்டதன் விலை 2003 நவம்பரில் தெரிந்தது. பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளை அவர் பொறுப்பேற்றார், பேச்சை மீண்டும் தொடங்கும் முயற்சி அப்படியே உறைந்தது.

1987 ஒப்பந்தத்துக்கு வருவோம். அது முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் பிள்ளையான பதின்மூன்றாவது திருத்தம் இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது. டில்லியிலிருந்து வரும் ஒவ்வொரு தலைவரும் அதை நினைவூட்டுகிறார். வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் கலைந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அதே ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஒரு பத்தி இருந்தது. 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகளுக்கான புதிய உடன்பாடுகள் கையொப்பமாகின. எண்ணெய்த் தாங்கி பற்றிய வாக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு வந்து நிறைவேறுகிறது. காணி, பொலிஸ் அதிகாரம் பற்றிய வாக்கு நிறைவேறவில்லை. எந்த வாக்குறுதிக்கு யார் காவல் நின்றார்கள் என்பதில்தான் வேறுபாடு. இதை ஒரு வகுப்பில் வைத்து இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து படிக்கவேண்டும்.

அந்த ஒப்பந்தம் சரிந்த விதமும் பாடம்தான். புலிகள் அதில் கையொப்பமிடவில்லை. ஒப்பந்தத்துக்கு முன்னர் பிரபாகரன் டில்லி அசோகா ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்தார். ஒப்பந்தம் வந்து இரண்டு மாதம் கழிந்த ஒக்டோபர் 3 ஆம் திகதி, புலிகளின் தளபதிகளான குமரப்பா, புலேந்திரன் உட்படப் பதினேழு பேர் கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டனர். ஒப்பந்தத்தின் பொதுமன்னிப்பு அவர்களுக்குப் பொருந்துமா, அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகலாமா, முடிவு கொழும்புடையதா டில்லியுடையதா என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதிலும் நடைமுறையும் இருக்கவில்லை. 5 ஆம் திகதி பலாலியில் பன்னிரண்டு பேர் சயனைட் அருந்தி இறந்தார்கள். 10 ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர். அந்தப் போர் பின்னர் முல்லைத்தீவுக் காடுகளுக்குள்ளும் வந்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பியபோது அதன் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள். நம் பக்கத்து இழப்பை எண்ணி முடியாது. பிடிபட்டவரை வைத்திருப்பது யார் என்ற ஒரு வினாவை முன்கூட்டியே யோசிக்காததால் மட்டுமே போர் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாட்களை மணிக்கணக்காகப் பிரித்துப் படிக்காத ஒருவரை இனி ஒரு சமாதானப் பணிக்கு அனுப்பக்கூடாது.

இனி எனக்கு மிகவும் நெருக்கமாகப் படும் உதாரணம். 2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துப்போட்டது. நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்த 2005 யூன் 24 இல் பொதுக் கட்டமைப்பு உடன்பாடு கையொப்பமானது. அதன் பிராந்தியக் குழுவில் புலிகள் ஐவர், முஸ்லிம்கள் மூவர், அரசு இருவர். முஸ்லிம்களுக்கு முதல் தடவையாக ஆசனம் எண்ணி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் கையொப்பமிடும் தரப்பாக அவர்கள் இருக்கவில்லை. மக்கள் விடுதலை முன்னணி அரசை விட்டு வெளியேறியது, அதன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். யூலை 15 இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. தடைபட்டவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்: பிராந்தியக் குழு கிளிநொச்சியில் அமைவது, பிராந்திய நிதியம். குழு எந்த ஊரில் கூடும் என்பதும் பணம் எந்தக் கணக்கில் விழும் என்பதும்! அந்த இரண்டும் இல்லாமல் மிச்சம் என்ன இருக்கும்? அதற்கு முன்னர், 2002 பேச்சில் உருவான உடனடி மனிதாபிமானத் தேவைகளுக்கான உபகுழுவும் இதே பணக் கதவில்தான் முட்டி நின்றது. அரசு அல்லாத அமைப்பின் கையில் கொடையாளர் நிதி எப்படிப் போகும் என்பதற்கு ஒரு சட்ட வழியைக் கட்டாமலே சமாதானம் பேசினோம்.

வழக்குப் போட்ட அந்தக் கட்சியின் தலைவர் 2024 இல் நாட்டின் ஜனாதிபதியானார். அதே ஆண்டு நவம்பர் பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டு கிடைத்தன. 2005 இன் கசப்பை இன்று கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று எதிர்த்தவர்களின் வாதத்தையும் அதே வகுப்பில் வைத்துப் படிக்கவேண்டும், அதைச் செய்யும் பொறுப்பு இப்போது அவர்கள் கையிலேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தெரிந்தவர்கள் எங்கே போனார்கள்? அரசின் சமாதானச் செயலகத்தை முதலில் வழிநடத்தியவர் பேர்னாட் குணதிலக்க, சேவை மூப்புள்ள இராசதந்திரி. பின்னர் ஜயந்த தனபால. அந்தச் செயலகம் 2009 யூலை இறுதியில் மூடப்பட்டது. கிளிநொச்சியில் இருந்த புலிகளின் சமாதானச் செயலகத்துக்குப் புலித்தேவன் பொறுப்பாக இருந்தார். 2009 மே மாதம் கொல்லப்பட்டார். புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் 2007 நவம்பரில் விமானக் குண்டுவீச்சில் இறந்தார், அவர்களின் பிரதான பேச்சாளர் அன்ரன் பாலசிங்கம் அதற்கு முந்தைய ஆண்டில் இலண்டனில் நோயால் இறந்தார். ஒரு தரப்பின் நினைவு அழிந்தது, மறு தரப்பின் நினைவுக்குரிய அலுவலகம் பூட்டப்பட்டது. மிஞ்சியிருப்பவர்கள் கச்சேரி உத்தியோகத்தர்கள், அதிபர்கள், வைத்தியர்கள். புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த பாடசாலைக்கு ஆசிரியர் சம்பளமும் வைத்தியசாலைக்கு மருந்தும் கொழும்பிலிருந்துதான் வந்தன. இரண்டு அதிகாரங்களுக்கு இடையில் நின்று, இரண்டு பேரிடமும் கடிதம் வாங்கி, அந்த மருந்தை நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்குத் தெரிந்த இராசதந்திரம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

ஆய்வு நடக்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2010 இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலையே 2002 ஒப்பந்தம் ஏன் தோற்றது என்று பார்ப்பது. அந்தக் கேள்விக்குக் கொழும்பில் முன்னாள் அதிகாரிகள் சாட்சியம் சொன்னார்கள். அதே ஆணைக்குழு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தபோது சனம் கேட்டது ஒன்றைத்தான்: எங்கள் பிள்ளைகள் எங்கே? அந்தக் கேள்வி எல்லாவற்றுக்கும் முந்தியது, சரியானதும்கூட. என்றாலும் ஒப்பந்தம் எப்படி நடந்தது என்று வன்னிச் சனத்திடம் ஆற அமர இருந்து கேட்கும் வேலை அன்றும் தள்ளிப்போனது. சமாதானப் பேச்சுக்கு அனுசரணை செய்த நோர்வே தன் பங்கை 2011 இல் வெளியான ஒரு சுயாதீன மதிப்பீட்டில் விரிவாகச் சோதித்தது. ஐக்கிய நாடுகள் சபையும் 2012 நவம்பரில் சார்ள்ஸ் பெற்றியின் அறிக்கை மூலம் இறுதிப் போரில் தன் தோல்வியை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, தன் ஊழியர் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை மாற்றும் ஒரு திட்டத்தையும் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து 2008 செப்டெம்பரில் ஐ.நா. வாகனங்கள் புறப்பட்டபோது வாசலில் நின்று போகவேண்டாம் என்று மன்றாடியவர்களுக்கு அது ஈடாகாது. ஆயினும் ஒரு தோல்வியைப் பயிற்சியாக மாற்றலாம் என்பதற்கு அது சான்று.

வெளியிலும் பார்க்கலாம். ஆச்சேயில் 2005 ஓகஸ்ட் 15 இல் ஹெல்சிங்கியில் செய்த உடன்பாடு, அடுத்த ஆண்டே ஆச்சே ஆட்சிச் சட்டமாக வந்தது. அதே சுனாமி, அதே ஆண்டு. நம்முடையது நீதிமன்றத்தில் நின்றது. கொலம்பியாவின் 2016 ஒப்பந்தம், அதன் அமுலாக்கத்தை அளவிடும் வேலையை நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் குரொக் நிறுவகத்துக்கு ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. ஒப்பந்தத்தைப் படிப்பது ஒப்பந்தத்தின் ஓர் உறுப்பாகவே அங்கு ஆனது.

இதற்கு வரக்கூடிய பலமான மறுப்பு ஒன்று உண்டு. ஒப்பந்தங்கள் சாவது அறியாமையால் அல்ல, அரசியல் மனம் இல்லாததால். அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்து என்ன பயன்? உண்மைதான், பண்டாரநாயக்கவுக்கோ டட்லிக்கோ பயிற்சி குறைந்ததால் எதுவும் கிழியவில்லை. 2008 ஜனவரி 2 இல் யுத்தநிறுத்தத்திலிருந்து விலக அமைச்சரவை முடிவெடுத்ததும் தெரிந்தே செய்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. ஆனால் மனம் இருந்த சொற்ப மாதங்களும் நம்மிடம் இருந்தன. 2002 இன் இரண்டாம் பாதி அப்படியொரு காலம். தாய்லாந்தின் சத்தாஹிப்பிலும் நகோன் பத்தோமிலும், பின்னர் ஒஸ்லோவிலும் பேசினார்கள், கிளிநொச்சியில் வீடு இல்லை, கிணறு இல்லை, மிதிவெடி கிடந்தது. அந்த மாதங்களில் பணம் வரும் வழியும் குழு அமையும் சட்டமும் தயாராக இருந்திருந்தால், மக்கள் கையில் சமாதானத்தின் பயன் கொஞ்சமாவது சேர்ந்திருக்கும். பயிற்சி மனத்தை உண்டாக்காது. மனம் இருக்கும் நேரத்தை வீணாக்காமல் காக்கும்.

சட்டமூலத்தில் என்ன இருக்கவேண்டும்? வெளிநாட்டுச் சேவைக்குப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் இந்த ஒப்பந்தங்களின் முழு வாசகத்தையும் மூன்று மொழிகளிலும் படித்துத் தேறவேண்டும். தமிழில் உரையாடும் அளவுக்கு மொழி தெரியாமல் பயிற்சி முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. குறைந்தது சில வாரங்கள் வன்னியில் தங்கிப் படிக்கவேண்டும்; அதற்கு 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. அரசாங்க அதிபர்களும் பிரதேச செயலாளர்களும் பொலிஸ் அதிகாரிகளும் அதே வகுப்பில் அமரவேண்டும், ஏனெனில் ஒப்பந்தத்தை நடத்தப்போகிறவர்கள் அவர்கள். மூடப்பட்ட சமாதானச் செயலகத்தின் கோவைகளை 1973 ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டத்தின் கீழ் பாதுகாத்து, ஆய்வாளருக்குத் திறக்கும் கால எல்லையை இந்தச் சட்டத்தில் குறிக்கவேண்டும். பயிற்றுநர் பட்டியலில் பேராசிரியர்களோடு கண்காணிப்புக் குழுவின் உள்ளூர் உறுப்பினர்களும் மொழிபெயர்ப்பாளர்களும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களும் இருக்கவேண்டும்.

உறவினர்களைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கொட்டகை போட்டுப் போராட உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே மாதிரிக் கொட்டகைகள் எழுந்தன. தூதுவர்கள் வருவார்கள், படங்களைப் பார்ப்பார்கள், குறிப்பெடுப்பார்கள், பதவிக்காலம் முடிந்து வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்தவர் வந்து முதலிலிருந்து கேட்பார். அம்மா மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவார். 2015 இல் ஜெனீவாவில் பொறுப்புக்கூறலைக் கோரிய ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது, 2020 இல் விலகியது. அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்கள் அதற்குள் எத்தனை தூதுவர்களுக்குக் கதை சொல்லியிருப்பார்கள்! இலங்கை இராசதந்திரியும் வெளிநாட்டு இராசதந்திரியும் வருவதற்கு முன்பே படித்துவிட்டு வந்தால், அந்தத் தாய்க்கு ஒரு தடவையாவது மூச்சு விடக் கிடைக்கும்.

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் கீழ் கிளிநொச்சியைப் பிரதிநிதித்துவம் செய்கிறவர்களும், அரசு முந்தாவிட்டால் இதைத் தனிநபர் சட்டமூலமாகவேனும் கொண்டுவரவேண்டும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓமந்தையில் தந்த பாஸ், கண்காணிப்புக் குழுவுக்கு எழுதிய முறைப்பாட்டின் பிரதி, அந்த ஆண்டுகளின் நாட்குறிப்பு எதுவும் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பதிந்து கொடுங்கள்.